பிரெட்னிசலோனில் சுகம் வந்த பிறகும் குரோன்ஸ் நோய்க்கு ஏன் இன்னொரு குளிசை?

கல்முனையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: தம்பிக்குக் குரோன்ஸ் நோய் (குடலில் வரும் நாட்பட்ட அழற்சி), பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை குடித்து வயிற்றோட்டம் நின்றுவிட்டது, இப்போது டொக்டர் அசதியோபிரினும் எழுதியிருக்கிறார், அது தேவையா என்று. தேவைதான்.

பிரெட்னிசலோன் மூண்ட அழற்சியைத் தணிக்கும். திரும்ப வராமல் காக்காது. நெடுநாள் குடித்தால் எலும்பு பலவீனமாகும், சீனி ஏறும். எனக்கு ஆறு கிழமையில் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிவிட்டது. இரவு 2 மணிக்குப் பசி கிள்ள, குசினியில் லைட்டைப் போட்டு, பானையில் கிடந்த சோற்றில் எருமைத்தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் பிரெட்னிசலோனைச் சட்டென்று நிற்பாட்டக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீரொயிட் குறைந்துபோயிருக்கும்; டொக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அசதியோபிரின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி நோயை உறங்க வைக்கிறது. ஆனால் ஆள் சோம்பேறி, பலன் தெரிய 2, 3 மாதம் எடுக்கும். அதுவரை தாங்கத்தான் பிரெட்னிசலோன். வெள்ளணு குறையலாம், ஈரல் பாதிக்கப்படலாம். இரத்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். காய்ச்சல் வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினோல் குடிப்பவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

இதற்கும் நோய் அடங்காவிட்டால் இன்ஃபிளிக்சிமாப் என்ற மருந்து. 0, 2, 6ஆம் கிழமைகளில் நாளத்தில் ஏற்றி, அப்புறம் வழக்கமாக 8 கிழமைக்கு ஒருமுறை. அதற்கு முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சரி, ஒன்று: நோவென்று பாமசியில் டைக்குளோபினாக் வாங்கிக் கொடுக்காதீர்கள்.