லெசிக் தோற்ற வழக்கு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதிப்புரிமை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் பெயரைச் சொல்கிறீர்கள். தேடிப் படித்தேன். தன்னுடைய பெரிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 7-க்கு 2 என்று தோற்றவர். அதன்பிறகும் சட்டம் மாறிவிடவில்லை. பிறகு ஏன் இத்தனை மதிப்பு? எழுதிச் சம்பாதிப்பதே அரிதாக இருக்கும்போது, உரிமையை விட்டுக்கொடு என்று சொல்பவர் எழுத்தாளருக்கு எப்படி வேண்டியவர் ஆவார்?

இன்னொன்று. எங்கள் பகுதிக் குளங்கள், மடைகள் பற்றி என் அப்பா 1974-இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். 1998-இல் காலமானார். அச்சிட்ட பதிப்பகம் இப்போது இல்லை. வீட்டில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. இணையத்தில் ஏற்றலாமா?

கே. எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள கே. எஸ்.,

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகத்தான் தெரிகின்றன. உங்கள் அப்பாவின் புத்தகம் போன்றவற்றுக்காகத்தான் லெசிக் அந்த வழக்கை நடத்தினார்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் எரிக் எல்ட்ரெட் என்றொருவர், உரிமைக்காலம் முடிந்த பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டுவந்தார். ராபர்ட் ஃபிராஸ்ட் அந்த மாநிலத்தின் பெயரையே தலைப்பாக வைத்து 1923-இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பு 1999 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்தாகும், அதையும் ஏற்றலாம் என்று காத்திருந்தார். 1998 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் உரிமைக்காலத்தை மேலும் 20 ஆண்டு நீட்டிவிட்டது. இனி எழுதப்போகும் நூல்களுக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே எழுதி முடித்தவற்றுக்கும் சேர்த்து. 40 ஆண்டுகளில் அது 11-ஆவது நீட்டிப்பு.

எல்ட்ரெட்டுக்காக லெசிக் வழக்குப் போட்டார். அமெரிக்க அரசியல் சாசனம், அறிவும் கலையும் வளர்வதற்காக ‘வரையறுத்த காலத்துக்கு’ மட்டுமே இந்த உரிமையைத் தரலாம் என்கிறது. ஒவ்வொரு முறை கெடு முடியும்போதும் நீட்டிக்கொண்டே போனால் அதில் வரையறை எங்கே இருக்கிறது? இறந்துபோன கவிஞருக்கு இன்னொரு 20 ஆண்டு கொடுத்தால் அவர் எழுந்துவந்து எழுதப்போகிறாரா? நோபல் பரிசு பெற்றவர்கள் உட்பட 17 பொருளாதார அறிஞர்கள் அவருக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் மனு கொடுத்தார்கள். 2003 ஜனவரி 15-இல் தீர்ப்பு எதிராக வந்தது.

அந்தத் தோல்விக்குப் பிறகு லெசிக் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு வரக் காரணம். பழியை நீதிபதிகள்மேல் போடாமல், தான் எங்கே தவறினேன் என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இந்த நீட்டிப்பால் என்ன கெடுதல் நடந்துவிட்டது என்று விசாரணையின்போது நீதிபதி கென்னடி கேட்டார். கதவைத் திறந்துவிட்ட கேள்வி அது. அழிந்துகொண்டிருக்கும் படச்சுருள்களையும், உரிமையாளர் யாரென்றே தெரியாமல் முடங்கிக் கிடக்கும் நூல்களையும் சொல்லியிருக்கலாம். லெசிக்கோ, நடைமுறைக் கெடுதலைப் பற்றி நாங்கள் வாதாடவில்லை, இது சாசனக் கொள்கை பற்றிய கேள்வி என்ற பொருளில் பதில் சொன்னார். கெடுதலை எடுத்துச் சொல்லுங்கள் என்று அனுபவமுள்ள வழக்கறிஞர் முன்பே எச்சரித்திருந்தும், தர்க்கம் சரியாக இருந்தால் போதும் என்று நம்பிவிட்டார். அங்கேதான் வழக்கு கைநழுவியது என்று அவரே எழுதினார். சட்டப் பேராசிரியர் ஒருவர் தன் தோல்வியை இப்படித் திறந்து வைப்பதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அவர் சொல்லத் தவறியதை நீதிபதி பிரெயரின் மாறுபட்ட தீர்ப்பு சொல்லிவிட்டது. 55 முதல் 75 ஆண்டு ஆன படைப்புகளில் சுமார் 2 சதவீதத்துக்குத்தான் இன்னும் சந்தை மதிப்பு இருக்கிறது. அந்த 2 சதவீதத்துக்காக மீதி 98 சதவீதமும் பூட்டிக் கிடக்கிறது. உங்கள் அப்பாவின் புத்தகம் இருக்குமிடம் அந்த 98.

உரிமையை விட்டுக்கொடு என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சொல்லவில்லை. தோற்றபின் அவர் முன்வைத்த யோசனையைப் பாருங்கள்: 50 ஆண்டு கழித்து உரிமை தொடர வேண்டுமென்றால் ஒரு டாலர் கட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டாவிட்டால் அது பொதுச்சொத்து. வேண்டுபவருக்கு உரிமை நிலைக்கும், யாரும் கேட்காத நூல்கள் வெளியே வரும். எழுத்தாளர் வயிற்றில் அடிக்கிற திட்டமா இது? 2003-இல் மசோதாவாக வந்தும் நிறைவேறவில்லை. ஒரு டாலருக்குக்கூட இடம் தரக் கூடாது என்று திரைப்பட நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது.

நாமும் இதைப் பார்த்திருக்கிறோம். தாகூரின் நூல்கள் 1991 முடிவில் பொதுச்சொத்தாகியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் அவசரச் சட்டம் வந்தது. இந்தியாவில் ஆசிரியர் காலமானபின் 50 ஆண்டு என்றிருந்தது 60 ஆனது. ஒரே ஒரு கவிஞரின் நூல்களுக்காக, நாட்டில் எழுதிய அத்தனை பேரின் நூல்களுக்கும் பத்தாண்டுப் பூட்டு.

சட்டம் மாறவில்லை என்கிறீர்கள். சரி, மாறவில்லை. ஆனால் 1998-இல் கிட்டத்தட்ட யாரும் கவனிக்காமல் நிறைவேறிய ஒன்றை, 2018-இல் திரும்பவும் செய்ய யாரும் துணியவில்லை. 2019 ஜனவரி 1 அன்று ஃபிராஸ்டின் அந்தத் தொகுப்பு உட்பட 1923-இன் படைப்புகள் வெளியே வந்தன. நடுவில் இத்தனை பேர் பதிப்புரிமையைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டதில் லெசிக்குக்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

சட்டம் மட்டுமே நம்மைக் கட்டுப்படுத்துவதில்லை, மென்பொருளின் கட்டமைப்பும் சட்டம்போலவே கட்டுப்படுத்தும் என்று 1999-லேயே எழுதியவர் அவர். அது அவருக்கே நடந்தது. பீனிக்ஸ் என்ற இசைக்குழுவின் பாட்டுக்கு உலகெங்கும் இளைஞர்கள் ஆடிப் போட்ட வீடியோ துணுக்குகளை ஓர் உரையில் காட்டியிருந்தார். விளக்கத்துக்காகச் சிறு பகுதியைக் காட்டுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 2013-இல் யூடியூபின் தானியங்கிப் பொறி அதைப் பிடித்துக்கொண்டது, ஆஸ்திரேலிய இசை நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுப்பதாக மிரட்டியது. லெசிக் திருப்பி வழக்குப் போட, அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் இழப்பீடு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அவர் சட்டப் பேராசிரியர். அந்த வசதி இல்லாதவருடைய வீடியோ போனது போனதுதான்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2001-இல், எல்ட்ரெட்டையும் சேர்த்துக்கொண்டு கிரியேட்டிவ் காமன்ஸ் தொடங்கினார். சட்டத்தை மாற்ற முடியாவிட்டால், எழுதியவரே தன் நூலின்மேல் ‘இதை எடுத்துக்கொள்ளலாம், இன்ன நிபந்தனையோடு’ என்று எழுதி வைக்க ஒரு வழி. அப்போது பதின்வயதுப் பையனாக இருந்த ஆரன் சுவார்ட்ஸ் அதன் தொழில்நுட்பத்தில் வேலை செய்தார். அந்தப் பையன் 2013-இல், 26 வயதில் இறந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருப்பது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்தான். உயிரோடு இருப்பவர் மனம்வைத்தால்தான் அது உதவும் என்பது அதன் குறை. உங்கள் அப்பா விஷயத்தில் மனம்வைக்க நீங்கள் இருக்கிறீர்கள்.

அப்பாவின் நூலுக்கு 2058 முடியும்வரை உரிமை உண்டு. பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று முதலில் பழைய கடிதங்களில் பாருங்கள். அப்படி இல்லையென்றால் உரிமை வாரிசுகளுடையது. உடன்பிறந்தவர்கள் இருந்தால் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அப்புறம், ‘பெயர் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும்’ என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் பரிந்துரைக்கிறேன். வணிகத்துக்குக் கூடாது என்று சேர்த்தால், நூல்களைச் சேர்த்துவைக்கும் இணைய நூலகமான விக்கிமூலம் எடுத்துக்கொள்ளாது. ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது, அதனால் வீட்டில் நிதானமாகப் பேசி முடிவெடுங்கள்.

ஆனால் ஸ்கேன் செய்வதை அதுவரை தள்ளிப்போடாதீர்கள். 1974-இன் தாள் தொட்டால் உதிர ஆரம்பித்திருக்கும். இந்த வாரமே எடுத்து வைத்துவிடுங்கள். ஏற்றியதும் எனக்கும் ஒரு சுட்டி அனுப்புங்கள், மடைகளைப் பற்றி அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று படிக்க ஆசையாக இருக்கிறது.