மார்த்தாண்டம் நெரிசலில் பழைய அம்பாசிடர் சூடாகிறது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரிடம் 1980களில் வந்த மார்க் 4 பெட்ரோல் அம்பாசிடர் இருக்கிறது. தக்கலையிலிருந்து களியக்காவிளை போகும் வழியில், மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் மாட்டினால் வண்டி ஹீட் ஆகி, ரேடியேட்டர் மூடி பக்கமாகத் தண்ணீரைக் கக்குகிறது. தினமும் காலையில் வாய் வரை தண்ணீர் நிறைத்துத்தான் எடுக்கிறார். ஒருவர் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) கழற்றச் சொல்கிறார், இன்னொருவர் எலக்ட்ரிக் ஃபேன் போடச் சொல்கிறார்.

இரண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது மார்த்தாண்டம் அல்ல, அந்தக் காலைத் தண்ணீர்தான். அதை நிறுத்தாமல் வேறு எதைச் செய்தாலும் மறுபடி இதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். பழைய அம்பாசிடரில் இப்போதைய கார்களைப் போல ஓவர்ஃப்ளோ பாட்டில் கிடையாது. தண்ணீர் சூடானால் விரியும். விரிவதற்கு இடம் வேண்டும் என்றுதான் ரேடியேட்டரின் மேல் தொட்டியில் வாய்க்குக் கீழே ஓர் அங்குலம் போல வெற்றிடம் விட வேண்டும். நீங்கள் வாய் வரை நிறைக்கிறீர்கள். வண்டி சூடானதும் மிஞ்சியதைச் சின்னக் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. மறுநாள் மூடியைத் திறந்தால் ஓர் அங்குலம் குறைந்திருக்கிறது. ஐயோ தண்ணீர் குடிக்கிறதே என்று மறுபடி நிறைக்கிறீர்கள். பாதி வண்டிகளில் லீக் எதுவும் இருக்காது, இந்தச் சுற்றுதான் நடந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் நிறைக்காமல் பாருங்கள். அளவு ஓர் அங்குலம் இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் லீக் இல்லை. அதற்குக் கீழேயும் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ போகிறது, அதைத் தேட வேண்டும்.

தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஒவ்வொரு செம்பிலும் புதிய உப்பும் புதிய ஆக்சிஜனும் உள்ளே போகின்றன. ஒரே தண்ணீர் உள்ளேயே சுற்றினால் அதிலிருக்கும் சுண்ணாம்பு ஒரு முறை படிந்து முடிந்துவிடும், ஆக்சிஜனும் தீர்ந்துவிடும். புதிதாக ஊற்ற ஊற்ற இரண்டும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். கடினநீரில் இருக்கும் சுண்ணாம்பு, தண்ணீர் சூடாகச் சூடாகத்தான் அதிகம் படியும். அப்படியானால் எங்கே படியும்? எஞ்சினில் மிகச் சூடான இடமான ஹெட்டிலும் (எஞ்சினின் மேல்பாகம்) சிலிண்டரைச் சுற்றியும்தான். வெப்பம் தண்ணீருக்குக் கடந்து வர வேண்டிய அதே சுவரில்.

நம் குமரி மாவட்டத்தில் இது இன்னும் கூடுதல். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரக் கிணறுகளில் பல இடங்களில் உப்பு ஏறிக் கிடக்கிறது. உள்ளே வந்தால் சில இடங்களில் போர் தண்ணீர் வாளியில் ஓர் இரவு நின்றாலே செம்பழுப்பாகக் கறை பிடிக்கும். எங்கள் அப்பாவின் அம்பாசிடர் பெரும்பாலும் கடற்கரை ஊர்களிலேயே ஓடிய வண்டி. எந்த வீட்டு முன்னால் நிற்கிறதோ அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் அதற்கும். பிற்பாடு ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பிரித்தபோது, நடுவில் இருந்த குழாய்களின் வாயில் வெள்ளையும் பழுப்பும் கலந்து கல் மாதிரி இறுகியிருந்தது. அந்த வண்டிக்கு ஊரில் இருந்த பெயர் 'ஹீட் ஆகிற வண்டி'. சுத்தம் செய்த பிறகு அந்தப் பெயர் போய்விட்டது. அம்பாசிடர் என்றாலே ஹீட் ஆகும் என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சின், பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம்) ஹெட்டும் வார்ப்பிரும்பு. அதைக் குளிர வைக்க அந்த ரேடியேட்டர் தாராளமாகப் போதும், ரேடியேட்டர் ரேடியேட்டராக இருந்தால்.

ஆகவே முதல் வேலை, உள்ளே கிடப்பதை வெளியே எடுப்பது. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியில் உள்ள குழாயைத் திறந்துவிடுங்கள். பெரும்பாலானோர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். பிளாக்கின் பக்கவாட்டிலும் ஒரு வடிகுழாய் உண்டு. துருவும் சேறும் தேங்குவது அங்கேதான். அதைத் திறந்தால் அநேகமாக எதுவும் வராது. தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை, துரு அடைத்திருக்கிறது. குழாயையே கழற்றி எடுத்து, துளைக்குள் கெட்டிக் கம்பி விட்டுக் குத்துங்கள். காப்பிப்பொடி மாதிரி ஒன்று முதலில் வரும், அப்புறம் தண்ணீர் பாயும். அது தெளிவாக வரும்வரை விடாதீர்கள். இறங்கும் தண்ணீரை வாளியில் பிடித்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் உள்ள கொள்ளளவைவிட நன்றாகக் குறைந்தால், மீதி இடத்தில் சேறு இருக்கிறது.

அடுத்து ரேடியேட்டரைக் கழற்றி, கீழ் வாயில் தோட்டத்து ஹோஸை வைத்து மிதமான வேகத்தில் தண்ணீர் விடுங்கள். ஓடுகிற திசைக்கு எதிராகப் போகும்போது, மேலே சிக்கியிருக்கும் துருவும் தூசும் வந்த வழியே வெளியேறும். பிளாக்குக்கும் இதே முறைதான். தெர்மோஸ்டாட்டை அந்த நேரத்துக்கு மட்டும் வெளியே எடுத்துவிட்டு, மேலிருந்து கீழாக விடுங்கள். பிறகு ரேடியேட்டரை நிமிர்த்தி, கீழ் வாயைக் கையால் பொத்தி, நிறைய ஊற்றிக் கையை எடுங்கள். தண்ணீர் கொட்டென்று ஒரேயடியாக இறங்க வேண்டும். நூல் மாதிரி ஒழுகினால் அது வீட்டில் செய்கிற வேலை அல்ல. ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்து மேல் தொட்டியைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டு எடுத்து, மறுபடி ஈயம் வைக்கச் சொல்லுங்கள். செம்பும் பித்தளையுமான பழைய ரேடியேட்டரில் இதுதான் பெரிய வசதி: பிரிக்கலாம், பற்றவைக்கலாம். அதைத் தூக்கிப்போட்டு அலுமினியம் ஒன்றை மாட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சுண்ணாம்பு கரைய சிட்ரிக் ஆசிட் போதும். தண்ணீரில் கரைத்து ஊற்றி, எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஆறவைத்து இறக்குங்கள். அதன்பின் ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முறை, அப்புறம் வெறும் தண்ணீரில் பல முறை. காஸ்டிக் சோடாவைத் தொடவே வேண்டாம். பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: உங்கள் ஹெட் அலுமினியம், காஸ்டிக் அதைத் தின்றுவிடும், சிட்ரிக் ஆசிட்டையும் அதிக நேரம் உள்ளே வைக்காதீர்கள். சுத்தம் செய்த பிறகு பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகர மூடிகளில் ஒன்று கசிய ஆரம்பிக்கலாம். ஆசிட் கெடுத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது ஏற்கெனவே உள்ளிருந்து துருப்பிடித்து, சேற்றின் தயவில் நின்றிருந்தது. புதிது மாற்றுங்கள், சின்னச் செலவுதான்.

இனி தெர்மோஸ்டாட். அது 82 டிகிரி அளவில் திறக்கிற ஒரு கதவு, அவ்வளவுதான். முழுதாகத் திறந்துவிட்டால் அதற்குமேல் எஞ்சினைக் குளிர வைப்பது ரேடியேட்டரும் காற்றும். கதவைப் பெயர்த்து எடுத்தால் திறந்த ரோட்டில் வெப்ப மீட்டர் இறங்கும், நிம்மதியாக இருக்கும். நெரிசலில் நின்றால் பழையபடி ஏறும், கொஞ்சம் தாமதமாக. இதற்கிடையில் காலையில் எஞ்சின் சூடாக நெடுநேரம் பிடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும். கெட்டுப்போனதைத்தான் மாற்ற வேண்டும். சோதிப்பது சுலபம்: நூலில் கட்டி, அடியில் முட்டாமல் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். கூடவே ஒரு வெப்பமானி. அதன்மேல் பொறித்திருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பித்து, கொதிப்பதற்குள் முழுதாகத் திறந்தால் நல்லது. திறக்கவே இல்லையென்றால் உங்கள் பிரச்சினையில் பாதி அதுதான்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது வெறும் மூடி அல்ல, அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்களில் (சதுர அங்குலத்துக்கு) 4 பவுண்டு, 7 பவுண்டு மூடிகள் சகஜம். 7 பவுண்டு அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீரே சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து, நீங்கள் சொன்ன மாதிரி கக்கும். அதற்காகப் புது கார்களின் 13, 15 பவுண்டு மூடியை வாங்கி மாட்டிவிடாதீர்கள். பழைய ஈயப் பற்றும் ஹோஸும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. கையேட்டில் உள்ள எண்ணையே வாங்குங்கள். கழுத்தின் ஆழமும் ஒத்துப்போக வேண்டும். மூடியின் அடித்தகடு உள்ளே இருக்கையில் போய் அழுந்தவில்லை என்றால் எண் சரியாக இருந்தும் பயனில்லை.

சுத்தமான வண்டிக்குள் மறுபடி கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும்தான். நம் ஊரில் பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். உறையாமல் இருக்க அல்ல, துருப்பிடிக்காமல் இருக்கத்தான். கொதிநிலையும் கொஞ்சம் உயரும். வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் உசத்தி என்பதால் நமக்கு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும். வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்கு ஒரு பொது விதி கிடையாது. சிலிக்கேட் கலந்த பழைய வகை எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் என்று கேட்டு வாங்குங்கள்; நீண்ட ஆயுள் என்று வருகிற ஆர்கானிக் ஆசிட் வகைகளில் சில, பழைய ஈயப் பற்றை அரிக்கும். பழைய வகையை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். இறக்கிய கூலன்ட்டை முற்றத்தில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருக்கும், ஆடும் நாயும் நக்கும், சாகும். குழந்தைகள் உள்ள வீடு என்றால் இன்னும் கவனம்.

ஊற்றும்போது மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மூடியைத் திறந்தே வைத்து, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓடவிட்டு, இறங்கிய அளவை, வாய்க்குக் கீழே அந்த ஓர் அங்குலம் விட்டு, நிரப்பி மூடுங்கள்.

மற்றவை சீக்கிரம் பார்த்துவிடலாம். ஃபேன் பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல இறங்க வேண்டும். வாட்டர் பாடியின் (தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பு) அடியில் உள்ள சின்னத் துளையில் ஈரக்கறை தெரிந்தால் சீல் போய்விட்டது. கீழ் ஹோஸ் தொளதொளத்திருந்தால் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும், அதை மாற்றுங்கள். ரேடியேட்டரின் இலைத்தகடுகளில் உப்புக்காற்றும் வயல் பூச்சியும் அப்பியிருந்தால், எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெல்லக் கழுவுங்கள். பிரஷர் வாட்டர் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

எலக்ட்ரிக் ஃபேனை நான் சிபாரிசு செய்யவில்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோ உள்ள வண்டியென்றால் ஐட்லிங்கில் அது சார்ஜே கொடுக்காது, நெரிசலில்தான் ஃபேன் தேவை, பேட்டரி இறங்கும். டைனமோவுக்குப் பதிலாகப் பிற்பாடு வந்த ஆல்டர்நேட்டர் இருந்தாலும், அடைத்த ரேடியேட்டருக்கு எத்தனை ஃபேன் போட்டும் பயனில்லை.

இத்தனையும் செய்து வண்டி இன்னும் ஹீட் ஆனால், இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், பின்தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூட்டுக்கு அது பெரிய காரணம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டரில் குமிழி வந்தாலோ, ஆயில் மூடிக்குள் பாலாடை போல வெண்மையாகப் படிந்தாலோ ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். இன்னொன்று, நெரிசலில் மீட்டர் ஏறாமலேயே வண்டி நின்றுவிட்டால் அது கூலிங் பிரச்சினையே அல்ல. பெட்ரோல் பம்பில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறது. பழைய டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியது அதற்குத்தான்.

நாளைக்கே மார்த்தாண்டம் வழியாகப் போக வேண்டியிருந்தால், சந்தைக்குள் வேலை இல்லையென்றால் மேம்பாலத்தின் மேலேயே போய்விடுங்கள். நெரிசலில் நின்றால் நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரைச் சற்றே மிதித்துப் பிடியுங்கள். ஃபேனும் வாட்டர் பாடியும் எஞ்சினோடுதான் சுற்றுகின்றன, ஐட்லிங்கில் இரண்டும் சோம்பிவிடும். கொதித்துவிட்டால் ஓரமாக நிறுத்தி, பானட்டைத் திறந்துவிட்டு, மேல் தொட்டியைக் கை வைத்துத் தொட முடிகிறவரை காத்திருங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும், கொதிக்கிற எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழலாம். பக்கத்துக் கடைக்காரர் அன்போடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

பிளாக் வடிகுழாயைத் திறந்ததும் என்ன வந்தது, எவ்வளவு தண்ணீர் இறங்கியது, மூடியில் என்ன எண் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.