மாசி பிறந்தால் காமன் நோன்பு
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிப்ரவரி 14 புனித வாலண்டைன் திருநாள் என்கிறார்கள். எங்கள் ஆலயத்தில் அன்று அவர் பெயரில் திருப்பலி எதுவும் நடப்பதில்லையே, ஏன்? காதலர்களுக்கு ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்ததால் அவரைக் கொன்றார்கள் என்பது உண்மையா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாள்காட்டியைத் திருத்தியபோது அவர் பெயரை எடுத்துவிட்டது. அவர் புனிதரே இல்லை என்று சொல்லி எடுக்கவில்லை. ரோமை நகருக்கு வெளியே ஃபிளமினியச் சாலையோரம் பிப்ரவரி 14-இல் அடக்கம் செய்யப்பட்டார் என்பதைத் தவிர உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை, அதுதான் காரணம். இப்போது அந்த நாள் சிரில், மெத்தோடியஸ் என்ற இரு சகோதரர்களுக்கு உரியது. ஆங்கிலிக்கன் சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் மட்டும் 'வாலண்டைன், ஆயர், இரத்தசாட்சி' என்று அந்தத் தேதிக்கு நேரே இருக்கிறது. தாத்தா காலத்து ஆங்கில ஜெபப் புத்தகம் வீட்டில் இருந்தால் முன்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.

ரகசியக் கல்யாணக் கதை பிற்காலத்தில் சேர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புனிதர் வரலாற்றுத் தொகுப்பில் அவர் பார்வையற்ற பெண்ணுக்குப் பார்வை தந்தது வருகிறது, காதலர்கள் வரவில்லை. ரோமர்களின் லூப்பர்கேலியா என்ற பிப்ரவரி 15 விழாவை போப் கெலாசியுஸ் கடுமையாகக் கண்டித்து எழுதியது உண்மை. அதற்கு மாற்றாகக் காதலர் நாளை வைத்தார் என்பதற்கு அந்த எழுத்தில் ஆதாரம் இல்லை. காதலையும் இந்த நாளையும் முடிச்சுப் போட்டவர் 1380-களில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசர். பறவைகள் துணை தேடிக் கூடும் நாள் இது என்று அவர் பாடினார். அங்கிருந்து பிரபுக்களின் வீடுகளுக்கும், பிறகு கடிதங்களுக்கும், கடைசியில் வாழ்த்து அட்டைகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். 2018-இலும் 2024-இலும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 14-இல் வந்தது, 2029-இலும் அப்படியே வரும். அன்று ஒருசந்தியும் (ஒருவேளை உணவு) சுத்தபோசனமும் (இறைச்சி விலக்கு) உண்டு. வீட்டில் விருந்து வைப்பதாக இருந்தால் முந்தின நாளே வைத்துவிடுங்கள்.

கேள்வி: "இதெல்லாம் நம்ம பழக்கம் இல்லை" என்று வீட்டில் சொல்கிறார்கள். காதலுக்கென்று நம்மிடம் நாளே இருந்ததில்லையா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி டவுன்

பதில்: நாள் என்ன, ஒரு மாத நோன்பே இருந்தது. கலித்தொகையில் வையை ஆற்றின் நடுத்திட்டில் துணையோடு சேர்ந்தவர்கள் 'வில்லவன் விழா'வில் விளையாடுகிறார்கள். வில்லவன் என்றால் கரும்புவில்லை ஏந்திய காமன். புகாரில் காமவேள் கோட்டம் என்று கோயிலே இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அங்கே போய்த் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொல்ல, "பீடு அன்று" என்று இரண்டே சொல்லில் கண்ணகி மறுத்துவிடுகிறாள்.

கண்ணகி போக மறுத்த இடத்துக்கு ஆண்டாள் போனாள். ஶ்ரீவில்லிபுத்தூர் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த ஊர், ஆகவே இதை அடுத்த சீமைக் கதையாக நினைக்க வேண்டாம். நாச்சியார் திருமொழியின் முதல் பத்துப் பாசுரங்களும் காமனை நோக்கியவை. தை மாதம் முழுக்கத் தரையை மெழுகி மண்டலக் கோலம் இடுகிறாள். மாசி பிறந்ததும் வெள்ளை நுண்மணலால் தெருவை அழகுபடுத்துகிறாள். வெள்ளென எழுந்து, கிழக்கு வெளுக்கும் முன் துறையில் நீராடி, முள் இல்லாத சுள்ளியால் தீ வளர்க்கிறாள். ஊமத்தம்பூவும் முருக்கம்பூவும் கொண்டு முப்பொழுதும் வணங்குகிறாள். சுவரில் காமன் பெயரை எழுதி, பக்கத்தில் சுறாக்கொடி, குதிரை, கவரி வீசும் பெண்கள், கரும்புவில் எல்லாம் வரைந்து காட்டுகிறாள். படையல் காயுடை நெல், கரும்பு, வெல்லக்கட்டி, அரிசி, அவல். தலைக்கு எண்ணெய் இல்லை, ஒருவேளைதான் சாப்பாடு, உதடு வெளிறிப் போகிறது. கேட்பது ஒன்றே ஒன்று: கண்ணனோடு சேர்த்து வை. மானிடருக்கு என்று பேச்சு எழுந்தாலே வாழமாட்டேன் என்கிறாள்.

பெருமாளையே நினைப்பவள் வேறு தெய்வத்திடம் போகலாமா என்று கேட்பார்கள். சிவன் எரித்த காமன்தான் மறுபடி கண்ணனுக்கும் ருக்மிணிக்கும் பிரத்யும்னனாகப் பிறந்தான் என்பது புராணம். தந்தையிடம் சேர்த்து வைக்கும்படி பிள்ளையிடம் கேட்கிறாள், அதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை.

இப்போது பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பிப்ரவரி 14 பெரும்பாலும் மாசி 2. ஆண்டாள் சொல்லும் 'மாசி முன்னாள்', அதாவது மாசியின் முற்பகுதி, அதில்தான் அந்த நாளும் வருகிறது. உங்கள் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள். கூடவே, அவள் அன்று பரிசு வாங்கவில்லை, பட்டினி கிடந்தாள் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: அந்த நோன்பை இன்று வீட்டில் செய்ய முடியுமா? மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.
– தாயார் ஒருவர், சேரன்மகாதேவி

பதில்: முழு நோன்பு கடினம், ஆனால் எளிதாக்கிச் செய்யலாம். தை 1 முதல் மாசி 15 வரை காலையில் வாசல் தெளித்துப் பச்சரிசி மாக்கோலம் இடுங்கள். கல்மாவு வேண்டாம், எறும்பு உண்ணாத கோலத்தில் பாதிப் பயன் போச்சு. விளக்கேற்றி, ஆண்டாள் தன் கல்யாணக் கனவைப் பாடிய 'வாரணமாயிரம்' சொல்லுங்கள். பலர் 10 பாசுரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது 11 பாசுரம், பலன் சொல்வது அந்தக் கடைசிப் பாட்டுத்தான். நேரம் இருந்தால் காமனைப் பாடிய அந்த 'தையொரு திங்களும்' பத்தையும் முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூவில் எச்சரிக்கை வேண்டும். ஊமத்தை விஷச்செடி. பறித்த கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், படையல் தட்டில் வைக்காதீர்கள், சின்னப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அறவே வேண்டாம். கல்யாண முருங்கைப் பூ போதும், மாசியில் இலை உதிர்ந்த கிளையில் சிவப்பாகப் பூத்திருக்கும். காயுடை நெல் என்பது பால் பிடித்துப் பச்சையாக நிற்கும் கதிர். தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் நிற்கும் காலம் அது, வயல்காரரிடம் கேட்டு ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்ளுங்கள். அவல் கெட்டி அவலாக இருந்தால் 15 நிமிடம் ஊறட்டும். மெல்லிய அவலை ஊற வைத்தால் கூழாகிவிடும், அலசி உடனே வடித்துவிடுங்கள்.

மகளைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்காதீர்கள். ஆண்டாளை யாரும் உட்கார வைக்கவில்லை.

கேள்வி: நெல்லையப்பர் கோயிலில் கல்யாணத்துக்கு முன் காந்திமதி அம்மன் ஏன் தவம் இருக்கிறாள்?
– வாசகர், பேட்டை

பதில்: நம் பக்கத்தில் தவம் இல்லாத கல்யாணமே கிடையாது. ஐப்பசித் திருவிழாவில் அம்பாள் டவுனிலுள்ள கம்பை நதி மண்டபத்துக்குத் தவக்கோலத்தில் எழுந்தருள்கிறாள். சுவாமி அங்கே போய்க் காட்சி கொடுக்கிறார். பிறகுதான் ஆயிரங்கால் மண்டபத்தில் விடிவதற்கு முன் திருக்கல்யாணம், அம்பாளின் அண்ணனான பெருமாள், நெல்லை கோவிந்தர், தாரை வார்க்கிறார். அடுத்து ஊஞ்சல்.

சங்கரன்கோவிலிலும் இதே வழிதான். ஆடித் தபசில் கோமதி அம்மன் ஒற்றைக்காலில் நிற்கிறாள். சங்கரநாராயணராகக் காட்சி கிடைக்கும் அந்த நேரத்தில் விவசாயிகள் பருத்தி, மிளகாய் வத்தல், நெல் என்று விளைந்ததை அள்ளிச் சூறை விடுகிறார்கள். கூட்டத்தில் வத்தல் நெடி கண்ணில் ஏறும், கைக்குழந்தையோடு போகிறவர்கள் சற்று ஒதுங்கி நில்லுங்கள். அம்பாளின் காத்திருப்பு முடியும்போது நம் வயல் விளைச்சலும் அவள் காலடியில் கிடக்கிறது. காதலுக்கு ஆன்மிகப் பொருள் என்ன என்று கேட்டால் நான் கைகாட்டும் இடம் இதுதான்.

கேள்வி: பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பொங்கலிட்டோம். அரிசி விறைத்துவிட்டது, மண்ணும் கடித்தது.
– குடும்பத்தார், அம்பாசமுத்திரம்

பதில்: மற்ற ஊர்களில் அது தெய்வத் திருமண நாள், நம் சீமையில் குலசாஸ்தாவைத் தேடிப் போகும் நாள். சாமிக்குக் கொண்டு போவது வாயில் மண் கடிக்கலாமா? 40 பேருக்குத் தொன்னையில் கொடுக்க: பச்சரிசி 1 கிலோ, வறுத்த பாசிப்பருப்பு 200 கிராம், தண்ணீர் 5 லிட்டர், வெல்லம் ஒன்றரைக் கிலோ, நெய் 300 கிராம், ஏலக்காய் 10 கிராம். அரிசி விரலில் மசியும் முன் வெல்லம் போட்டால் அதன்பின் எவ்வளவு எரித்தாலும் வேகாது. வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். கருப்பட்டி சேர்த்தால் கரைத்து 10 நிமிடம் தெளியவிட்டு மேலாக இறுத்துக்கொள்ளுங்கள், பதநீருக்கு இட்ட சுண்ணாம்பு அடியில் நிற்கும். பனையோலைத் தீ சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். பொங்கி வரும் வரை அது போதும், அதன்பின் விறகுத் தணல் வேண்டும்.

கேள்வி: ரதி, மன்மதன் சிலைகளைப் பக்கத்தில் எங்கே பார்க்கலாம்?
– ஓவிய மாணவி, மேலப்பாளையம்

பதில்: திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். ரதி அன்னத்தின் மேல், மன்மதன் கரும்புவில்லோடு, இரண்டும் நாயக்கர் காலத்துக் கல். தென்காசி காசிவிசுவநாதர் கோயிலிலும் இருவரும் இருக்கிறார்கள். வில்லின் கரும்புக் கணுக்களையும் விரல் நகத்தையும் பென்சிலில் பிடித்துப் பழகுங்கள். கையால் தடவாதீர்கள், விரல் எண்ணெய் ஏறித்தான் கல் கறுத்துப் போகிறது.