யார் தலையில் அந்த வேலை? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகளுக்கு ஒன்பது வயது. டைப் 1 சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். சுகர் கட்டுப்பாட்டில் இருக்கிறது, நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்கிறார் வேலூர் டாக்டர். ஆனாலும் எனக்கு ஏன் இவ்வளவு அலுப்பு? கணவர் லுங்கி வியாபாரத்துக்காக வாரத்தில் பாதி நாள் வெளியூரில். மாமியாருக்கு ஊசி என்றாலே பயம். பெரியவன் முன்போலப் பேசுவதில்லை. நீண்டநாள் நோயுள்ள பிள்ளைகளின் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகளைப் படிப்பதாக எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள தங்கைக்கு,

இருக்கிறது. 2013-இல் கசினோ, ஹேசன் என்ற இருவர் 96 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆஸ்துமா, புற்றுநோய், சர்க்கரை, வலிப்பு என்று பல நோய்கள். நோய் எவ்வளவு கடுமை, எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கும் பெற்றோரின் மன அழுத்தத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. சிகிச்சை வேலை எவ்வளவு தூரம் பெற்றோர் தலையில் விழுகிறதோ, அந்த அளவுக்கு அழுத்தமும் கூடியிருந்தது. சுகர் கட்டுப்பாட்டில் இருந்தும் நீங்கள் களைத்துப்போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். நடுராத்திரி எழுந்து விரலில் குத்திப் பார்ப்பது, இட்லியை எண்ணி இன்சுலின் போடுவது, பள்ளியிலிருந்து போன் வந்தால் பதறி ஓடுவது, எல்லாம் ஒரே ஆள்.

"பொண்ணாச்சே, ஊசி விஷயம் வெளியே தெரிய வேண்டாம்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்களே, அது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. மறைத்தால் அத்தையோ சித்தியோ எப்படிக் கற்றுக்கொள்வார்கள்? டீச்சருக்கு எப்படித் தெரியும்?

சரி, பெரியவன். 2002-இல் ஷார்ப், ராசிட்டர் 51 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கூடப்பிறந்தவர்களுக்குப் பாதிப்பு உண்டு, ஆனால் பெரிதாக இல்லை. தினமும் சிகிச்சை தேவைப்படும் நோய்களில் அது கூடுதலாகத் தெரிந்தது. இன்னொன்று, பெற்றோர் சொன்ன அளவுக்குப் பிள்ளைகள் தங்களைப் பற்றி மோசமாகச் சொல்லவில்லை. நாம்தான் அதிகம் கவலைப்படுகிறோமா, அவர்கள் மறைக்கிறார்களா என்பதை எண்ணிக்கையை வைத்துச் சொல்லிவிட முடியாது. அவனிடமே கேளுங்கள். தங்கச்சி பேச்சை எடுக்காமல், அவன் பள்ளிக்கூடம், அவன் சிநேகிதர்கள் என்று அவனைப் பற்றி மட்டும்.

மாமியார் ஊசி போட வேண்டாம். வியர்வை, கை நடுக்கம் வந்தால் சுகர் இறங்குகிறது என்று கண்டுபிடிக்கவும், உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுக்கவும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். உங்கள் கணவர் வீட்டில் இருக்கும் ராத்திரிகளில் மகளைப் பார்த்துக்கொள்வது கணவரின் பொறுப்பு. அடுத்த செக்கப்புக்கு அவரே மகளைக் கூட்டிப்போகட்டும். சுகர் குறித்துவைக்கும் நோட்டையும் அவரே டாக்டரிடம் காட்டி, கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்.