பழைய சர்வரில் சேர்த்த டிஸ்க்குகள்: திருப்பிக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் நிறுவனம் நடத்துகிறோம். பேட்டர்ன், பிரிண்டிங் டிசைன் கோப்புகளை வைப்பதற்காக, டெல் பவர்எட்ஜ் ஆர்720 சர்வர் ஒன்றைக் கோவையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். அதில் பல டிஸ்க்குகளை ஒரே தொகுதியாக (ரெய்டு) சேர்த்து இயக்கும் எச்710 ரெய்டு கார்டு உள்ளது. அதில் சர்வர்களுக்கான ‘சாஸ்’ வகை 600 ஜிபி டிஸ்க்குகள் இரண்டு, ஒன்றில் உள்ளதே மற்றதிலும் இருக்கும்படி மிரராக ஓடுகின்றன. கணக்கு மென்பொருள் அதில்தான் இருக்கிறது. இடம் போதாததால் பழைய 4 டிபி சாஸ் டிஸ்க்குகள் நான்கு வாங்கிச் செருகினோம். இரண்டு ‘ஃபாரின்’ என்று காட்டுகின்றன. ஒன்று பட்டியலில் தெரிந்தும் ரெய்டில் சேர மறுக்கிறது. இன்னொன்றில் ஆரஞ்சு விளக்கு வேகமாக விட்டுவிட்டு எரிகிறது. நான்கையும் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதே கொடுத்துவிட வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளில் பழுதைக் குறிப்பது ஆரஞ்சு விளக்கு ஒன்றுதான். மற்ற மூன்றும் நல்ல டிஸ்க்குகளாகவே இருக்கக்கூடும். ஆனால் எதையும் தொடுவதற்கு முன், கணக்குத் தரவு முழுவதையும் வெளியே ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் நகல் எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அடுத்து, எந்த ஸ்லாட்டில் எந்த வரிசை எண் கொண்ட டிஸ்க் இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

‘ஃபாரின்’ என்பது பழுது அல்ல. எந்தெந்த டிஸ்க்குகள் சேர்ந்து ஒரு ரெய்டு என்ற விவரத்தைக் கார்டு தன்னிடம் மட்டுமல்லாமல் ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதி வைக்கிறது. உங்களிடம் வந்த இரண்டும் முன்பு வேறு ஒரு சர்வரில் வேலை செய்தவை. அந்தப் பழைய விவரம் அவற்றில் இன்னும் இருப்பதால்தான் உங்கள் கார்டு அவற்றை வேற்று வீட்டுப் பிள்ளைகளாகப் பார்க்கிறது. சர்வர் துவங்கும்போது எஃப் விசையை அழுத்தினால் இறக்குமதி செய்யலாம் என்று திரையில் கேட்கும். அதை அழுத்த வேண்டாம், அழுத்தினால் யாரோ ஒருவருடைய பாதி ரெய்டு உங்கள் சர்வரில் வந்து நிற்கும். கண்ட்ரோல், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்திக் கார்டின் திரைக்குள் போய், ஃபாரின் பகுதியில் ‘க்ளியர்’ கொடுப்பதே சரி.

அந்த ‘க்ளியர்’ கட்டளையில்தான் பலர் இடறி விழுகிறார்கள். ஃபாரின் என்று பட்டியலில் உள்ள எல்லா டிஸ்க்குகளின் விவரத்தையும் அது ஒரே தடவையில் அழித்துவிடும். அவற்றில் எது உங்களுடையது, எது வெளியிலிருந்து வந்தது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. தூசி துடைப்பதற்காக உங்கள் 600 ஜிபி டிஸ்க்கை ஒருமுறை வெளியே இழுத்துத் திரும்பச் செருகியிருந்தால், சில வேளைகளில் அதுவும் ஃபாரின் ஆகவே தெரியும். ஆகவே கட்டளை கொடுக்கும் முன், உங்கள் 600 ஜிபி டிஸ்க்குகள் உள்ள இரண்டு ஸ்லாட்டுகளும் ‘ஆன்லைன்’ என்றே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐயம் இருந்தால், அந்த இரண்டைத் தவிர மற்றவற்றைக் கழற்றி வைத்து, மிரர் முழுமையாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பிறகு புதியவற்றைச் செருகுங்கள்.

ரெய்டில் சேர மறுக்கும் மூன்றாவது டிஸ்க்கைப் பற்றி எனக்கு வலுவான ஒரு ஊகம் உண்டு. பெரிய நிறுவனங்களின் ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றி விற்கப்படும் சாஸ் டிஸ்க்குகளில் பல, ஒரு செக்டாருக்கு (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டுக்கு) 512 பைட் என்பதற்குப் பதிலாக 520 பைட் என்று ஃபார்மேட் செய்யப்பட்டவை. கூடுதலான 8 பைட்டில் அந்தப் பெட்டிகள் தங்கள் சரிபார்ப்புக் குறியீட்டை வைக்கின்றன. சாதாரண ரெய்டு கார்டு இத்தகைய டிஸ்க்கை ஏற்காது. லினக்ஸில் எஸ்ஜி3 யுடில்ஸ் தொகுப்பிலுள்ள ஃபார்மேட் கருவியைக் கொண்டு 512-க்கு மாற்றிவிடலாம், ஆனால் ரெய்டு கார்டு டிஸ்க்கை நேரடியாகத் தொட விடாது என்பதால், ரெய்டு இல்லாமல் டிஸ்க்குகளை நேரடியாக இணைக்கும் எச்பிஏ கார்டு பொருத்திய கணினி ஒன்று வேண்டும். டிஸ்க்கை விற்ற கடையிலேயே அது இருக்கக்கூடும், செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். 4 டிபிக்குப் பல மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க் பயன்படாத நிலையில் நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து ஃபார்மேட் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே யுபிஎஸ் கட்டாயம் வேண்டும்.

இனி ஆரஞ்சு விளக்கு. இந்த வகை சர்வரில் நொடிக்கு நான்கு முறை ஆரஞ்சு எரிந்தால் டிஸ்க் பழுது என்று பொருள். பச்சை, ஆரஞ்சு, அணைதல் என்று மாறி மாறி வந்தால், பழுது வரப்போகிறது என்ற முன்னறிவிப்பு. எனினும் ஸ்லாட்டின் குறையை டிஸ்க்கின் மேல் சுமத்திவிடக் கூடாது. அந்த டிஸ்க்கை வெளியே எடுத்து, அது சுழல்வது நிற்கும்வரை ஒரு நிமிடம் காத்திருந்து, காலியாக உள்ள வேறு ஸ்லாட்டில் செருகிப் பாருங்கள். விளக்கும் கூடவே போனால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள். பழைய ஸ்லாட்டில் வேறு நல்ல டிஸ்க்கைப் போட்டும் அதே விளக்கு எரிந்தால் குறை டிஸ்க்குகள் உள்ளே போய்ப் பொருந்தும் பலகையான பேக்பிளேனிலோ, அதன் முனைகளில் சேர்ந்த அழுக்கிலோ இருக்கிறது.

தேறிய டிஸ்க்குகளையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளில் ஒவ்வொன்றும் ஓடிய மணிநேரத்தையும், ‘க்ரோன் டிஃபெக்ட்’ (பயன்பாட்டில் புதிதாகக் கெட்டுப்போன இடங்கள்) எண்ணிக்கையையும் பாருங்கள். இடைவிடாமல் ஓடினால் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அந்தக் கணக்கில் 45,000 மணி என்பது 5 ஆண்டுக்கும் மேல். ஓடிய மணிநேரத்தை நான் பெரிதாக எண்ண மாட்டேன். அதே மென்பொருளில் டிஸ்க் முழுவதையும் பார்க்கும் நீண்ட சோதனை ஓட்டிய பின், டிஃபெக்ட் எண்ணிக்கை முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்திருந்தாலும் அந்த டிஸ்க்கை வைத்துக்கொள்ள மாட்டேன்.

நான்கும் தேறிய பிறகு ரெய்டு 6 அமையுங்கள். 8 டிபிதான் கிடைக்கும், ஒரு டிஸ்க்கின் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு 5 என்றால் 12 டிபி கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே நாளில் வாங்கிய பழைய டிஸ்க்குகளில் ஒன்று போய், அதன் இடத்தில் புதியதை நிரப்பும் நீண்ட நேரத்தில்தான் இன்னொன்றும் போகும் வாய்ப்பு மிகுதி. ரெய்டு 6 அந்த இரண்டாவது இழப்பையும் தாங்கும். ஆரஞ்சு டிஸ்க் தேறவில்லை என்றால், மூன்றை வைத்து ரெய்டு 5 அமைத்துச் சமாளிக்காமல், இன்னொன்று வாங்கும்வரை பொறுத்திருங்கள்.

உங்கள் ஊரை நினைத்து இதையும் சொல்கிறேன். சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்கூடத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில், டிஸ்க்குகள் அடிக்கடி சூடேறி ரெய்டிலிருந்து வெளியேறுகின்றன என்று அழைத்தார்கள். முன்பக்கத் தட்டைக் கழற்றியபோது பஞ்சு ஒரு போர்வைபோலப் படிந்திருந்தது. அதை எடுத்த பின் டிஸ்க் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நிட்டிங், கட்டிங் நடக்கும் கூடத்தில் சர்வரை வைக்காதீர்கள். வேறு இடமே இல்லையென்றால் வாரம் ஒருமுறை முன்பக்கத்தை வேக்குவம் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். காலி ஸ்லாட்டுகளைத் திறந்தும் விடாதீர்கள். காற்று அந்த ஓட்டை வழியே போய்விட்டால் டிஸ்க்குகளின் இடையே ஓடாது, எனவே வெற்று ட்ரேயைச் செருகி மூடிவிடுங்கள்.