சைல்டு தீம்: எந்த ஃபைலை காப்பி செய்வது, எதை விட்டுவிடுவது?

இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் பற்றி செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சில. தளத்தின் தோற்றத்தைத் தருவது தீம். மூலத் தீம் பேரன்ட், அதைத் தொடாமல் நம் மாற்றங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் துணைத் தீம் சைல்டு. பேரன்ட் தீமின் டெம்ப்ளேட்டை (பக்க அமைப்பு ஃபைல்) சைல்டு தீமில் காப்பி செய்தால், அந்த காப்பிதான் பயன்படும்.

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கிறோம். சைல்டு தீமுக்கு மாறியதும் லோகோவையும் நிறங்களையும் காணோம். எல்லாம் போச்சா?

போகவில்லை. கஸ்டமைசரில் (தோற்றத்தை மாற்றும் திரை) செய்யும் பெரும்பாலான மாற்றங்களை வேர்ட்பிரஸ் தீம் வாரியாகத்தான் சேமிக்கிறது. பழையவை பேரன்ட் தீமின் கணக்கில் அப்படியே இருக்கின்றன. சைல்டு தீமில் ஒருமுறை மறுபடி கொடுத்துவிடுங்கள். ‘கூடுதல் சிஎஸ்எஸ்’ (நாமே எழுதும் தோற்ற விதிகள்) பெட்டியில் எழுதியதையும் எடுத்து ஒட்ட வேண்டும்.

ஆத்தங்குடி டைல்ஸ் தயாரிக்கிறோம். ஒவ்வொரு டிசைன் பக்கத்திலும் தேதியும் எழுதியவர் பெயரும் வருகின்றன. தனிப் பதிவைக் காட்டும் சிங்கிள்.பிஎச்பி ஃபைலை காப்பி செய்து, அந்த வரிகளை அழித்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் கஸ்டமைசரில் தேடுங்கள். பல தீம்களில் அதை அணைக்க அங்கேயே வசதி உண்டு. இல்லையென்றால் சிங்கிள்.பிஎச்பி ஃபைலைத் திறந்து, தேதி வரும் வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. ‘கெட் டெம்ப்ளேட் பார்ட்’ என்ற வரி, டெம்ப்ளேட்-பார்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள ஒரு சின்ன ஃபைலை அழைத்துக்கொண்டிருக்கும். அதை மட்டும் காப்பி செய்தால் போதும். ஃபோல்டர் பெயரும் ஃபைல் பெயரும் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். இடம் மாறினால் வேர்ட்பிரஸ் அதைக் கண்டுகொள்ளாது, பிழைச் செய்தியும் வராது.

சின்ன ஃபைலாகத் தேடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காப்பி செய்யாத ஃபைல்கள் பேரன்ட் தீம் அப்டேட் ஆகும்போது தானாகப் புதுப்பிக்கப்படும். காப்பி செய்தவை அன்றைய நிலையிலேயே நின்றுவிடும். பங்காளி வீட்டில் பங்கைப் பிரித்துக்கொண்டால் மராமத்துச் செலவும் நம் தலையில்தானே.

டைல்ஸுக்குத் தனி போஸ்ட் டைப் (பதிவு வகை) வைத்திருந்தால் இன்னும் நல்லது. அது ‘டைல்’ என்ற பெயரில் இருந்தால், சிங்கிள்-டைல்.பிஎச்பி என்று சைல்டு தீமில் புதிதாக ஒன்றை எழுதலாம். பேரன்ட் தீமில் அப்படி ஒரு ஃபைல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

தீமின் ஃபங்ஷன்கள் (செயல்பாட்டு நிரல்கள்) இருக்கும் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி ஃபைலையும் முழுசாக காப்பி செய்தேன். தளமே திறக்கவில்லை.

திறக்காதுதான். டெம்ப்ளேட்களைப் போல இது ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வருவதில்லை. இரண்டும் ஓடும், சைல்டு தீமுடையது முதலில். ஒரே ஃபங்ஷனை இரண்டு முறை அறிவித்தால் பிஎச்பி நின்றுவிடும். காப்பி செய்ததை அழித்துவிட்டு, உங்களுக்குத் தேவையான சில வரிகளை மட்டும் எழுதுங்கள்.

எங்களுடையது பலகாரக் கடை. டெம்ப்ளேட் பழசு என்று வூகாமர்ஸ் (இணையக் கடைக்கான பிளகின்) எச்சரிக்கிறது.

சைல்டு தீமின் வூகாமர்ஸ் ஃபோல்டரில் உள்ள காப்பியைத்தான் சொல்கிறது. ஃபைலின் தலைப்பில் உள்ள வெர்ஷன் எண்ணை பிளகினில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். எதற்காக மாற்றினோம் என்பதே நினைவில்லையா? காப்பியின் பெயரை மாற்றி வைத்துப் பாருங்கள். சீப்புச் சீடை பக்கம் ஒழுங்காக வந்தால் அந்த ஃபைலே வேண்டாம்.

கானாடுகாத்தானில் தங்கும் விடுதி நடத்துகிறோம். பிளாக் தீம் (பக்கம் முழுவதும் பிளாக்குகளால் ஆனது). சைல்டு தீமில் ஃபைலை மாற்றினாலும் தளம் மாறவில்லை.

2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து இருக்கும் சைட் எடிட்டரில் யாரோ அந்த டெம்ப்ளேட்டைத் திருத்திச் சேமித்திருப்பார்கள். அது டேட்டாபேஸில் உட்கார்ந்துகொள்ளும். ஃபைலைவிட அதற்குத்தான் முன்னுரிமை. எடிட்டரில் ரீசெட் கொடுத்தால் ஃபைலில் உள்ளது வரும். அதற்கு முன், திருத்தியவர் யாரென்று விசாரித்துவிடுங்கள். அவர் செய்தது அழிந்துவிடும்.