எதிர் சீட்டுக்காரர் பெயர் என்ன?

கேள்வி: எனக்கு வயது 44. கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் எழும்பூர் போய் வேலை பார்க்கிறேன். வீடு, பிள்ளைகள், சம்பளம் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மனசு சப்பென்று கிடக்கிறது. யூடியூபில் பார்த்து ஒன்பது நல்ல பழக்கங்களை ஒரே நாளில் ஆரம்பித்தேன். காலை நாலரைக்கு எழுவது, தியானம், நன்றி நோட்டு, நடை என்று எல்லாமே இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. 'இதுகூட முடியவில்லையே' என்ற குற்ற உணர்ச்சிதான் மிச்சம். மூன்று வருடமாக ரயிலில் என் எதிரே பூக்கட்டிக்கொண்டு வரும் ஓர் அம்மா எப்போதும் சிரித்த முகமாக இருக்கிறார். பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, கூடுவாஞ்சேரி

பதில்: ஒன்பதா! தீபாவளிக்கு ஒன்பது பலகாரத்தை ஒரே நாளில் போட்டாலே இடுப்பு விட்டுப்போகும். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தீர்களே, அதுவே பெரிது.

இரவு பாத்திரம் கழுவிவிட்டுப் படுக்கப் பதினொன்றரை ஆகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாலரைக்கு எழுந்தால் தூக்கம் ஐந்து மணி நேரம்தான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். தியானத்தில் தூங்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறீர்களே, உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். பழையபடி ஆறு மணிக்கு எழுந்திருங்கள். பாத்திரத்தில் பாதியைப் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டால் மீதித் தூக்கமும் தேறும். (அவர்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. தட்டு கழுவத் தெரிகிற வயது என்றே வைத்துக்கொள்கிறேன்.)

நன்றி நோட்டு நானும் எழுதிப் பார்த்தவள்தான். 'குடும்பத்துக்கு நன்றி, ஆரோக்கியத்துக்கு நன்றி' என்று நாலாம் நாளே பள்ளிக்கூட இம்போசிஷன் மாதிரி ஆகிவிட்டது. இந்த நோட்டுப் பழக்கத்தைப் பிரபலமாக்கியதில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்களின் 2003ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் முதல் சோதனையில் மாணவர்கள் எழுதியது வாரத்துக்கு ஒரு தடவைதான். அதற்கே பலன் தெரிந்தது. நீங்களும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதுங்கள். பொதுவாக எழுதாதீர்கள். 'வியாழக்கிழமை மழையில் ஆட்டோக்காரர் சட்டைப்பை முழுக்கத் துழாவி மீதிப் பத்து ரூபாயைக் கொடுத்தார்' என்கிற மாதிரி எழுதினால் அந்த நிமிஷம் திரும்பக் கண் முன்னால் வரும். இரண்டு வரி போதும்.

மற்ற ஏழு பழக்கங்களையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பூக்காரம்மாதான். மூன்று வருடம்! வாழைநாரை நனைத்து மடியில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, விரலில் ஒரு சுற்று, ஓர் இழுப்பு. வண்டலூர் தாண்டுவதற்குள் ஒரு முழம் தேறிவிடும் என்று எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறீர்கள்! ஆனால் பெயர் தெரியாது என்கிறீர்கள். கையில் போன், காதில் 'மகிழ்ச்சிக்கு ஒன்பது வழிகள்'.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்களுக்காகவே செய்தது போல இருக்கிறது. ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் ஒரு பிரிவினரை அறிமுகமில்லாத சக பயணியிடம் பேசச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரைத் தனியாக அமைதியாக இருக்கச் சொன்னார்கள். மூன்றாவது பிரிவினர் வழக்கம்போலப் போனார்கள். பேசிக்கொண்டு போனவர்களுக்குத்தான் பயணம் இனித்தது. எது சுகமாக இருக்கும் என்று வேறு சில பயணிகளிடம் தனியே கேட்டபோது, பேசாமல் இருப்பதுதான் என்று அவர்கள் நினைத்தார்கள். எதிரே இருப்பவர் பேச விரும்பமாட்டார் என்று எல்லோருமே தயங்குகிறோம் போலிருக்கிறது.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். "மல்லி இன்னிக்கு என்னம்மா விலை?" என்றால் போதும். மார்கழியில் ஏன் இப்படி ஏறுகிறது என்பதிலிருந்து மருமகள் வரைக்கும் தானாக வந்துவிடும். அன்றைக்கு அவருக்குப் பேசும் மனநிலை இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், நாளைக்கும் ரயில் இருக்கிறது. அப்புறம், அவர் சிரித்த முகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அவர் வீட்டுக் கதை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்தச் சலிப்போடு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பே இல்லாமல் அழுகை வந்துகொண்டிருந்தால் அதற்குப் பழக்கமும் நோட்டும் போதாது, மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

சரி, திங்கட்கிழமை வண்டி ஏறியதும் போனைப் பைக்குள் போடுங்கள். அந்த அம்மா எந்த ஊர், பூ எங்கே வாங்குகிறார் என்று கேட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.